பல்லவிக்குத் திரும்பிய பாட்டு

என் அத்தையின் கணவர் டோலக் வாசிப்பவர். மேடையில் வந்து அமரும்போது அவருடைய கண்கள் சிவந்திருக்கும். இசையில் ஆழ்ந்தவர்களுக்குக் கண் அப்படித்தான் சிவக்கும் என்று சிறுமியாயிருந்த நான் நம்பினேன். விழுப்புரத்தில் என் வகுப்புத் தோழியருக்கும் அதை விளக்கிச் சொல்லியிருந்தேன். எங்கள் பள்ளியின் பாட்டு ஆசிரியைக்குக் கண்கள் எப்போதும் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆகையால் அவரைப் பற்றி எனக்கு உயர்ந்த எண்ணம் இருந்ததில்லை.

மாமாவும் அத்தையும் திண்டிவனத்தில் குடியிருந்தார்கள். வேறொருவர் நடத்திய மெல்லிசைக் குழு ஒன்றில் இருவரும் இருந்தார்கள். அத்தை பாடினாள், மாமா வாசித்தார். கீபோர்டு வாசிக்கக் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் வருவார். அவருடைய உடன்பிறந்தோர் அனைவரும் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட, இசைக்காக ஊரில் தங்கியவர் அவர் ஒருவரே. "எங்க அண்ணன் தம்பியெல்லாம் துபாய்ல ஏசி ரூம்ல இருக்கானுங்க. நான் உங்க மாமன தள்ளிக்கினு ஊர் ஊரா திரியறேன்" என்பார். பழுதான வண்டியைத் தள்ளுவது போல மாமாவைப் பாய் தள்ளிச் செல்லும் காட்சியை எண்ணி நான் சிரிப்பேன். அத்தை சிரிக்க மாட்டாள்.

கச்சேரி தொடங்குவதற்குமுன் மாமா வேனுக்குப் பின்புறம் போய்வருவார். 'காற்று வாங்கப் போயிருக்கிறார்' என்பார்கள். கஞ்சா என்னும் சொல்லை எங்கள் குடும்பத்தில் எவரும் என் காதுபட உச்சரித்ததில்லை. காற்று வாங்கித் திரும்பிய மாமாவிடம் தழை எரிந்த மணம் வீசும். பேச்சில் ஒரு கனிவு வந்திருக்கும். "ரெண்டு அடிக்கு நடுவுல ஒரு ஏக்கரா எடம் தெரியுது பாய். எங்க வேணா விரல வெக்கலாம்" என்று ஒருமுறை சொன்னார்.

"அந்த ஏக்கராவுலதான் மச்சான் எங்கள எல்லாம் நிக்க வெச்சிருக்க" என்றார் பாய். மாமா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஆடி பிறப்பதற்குச் சற்று முன்னர் அத்தை விழுப்புரத்துக்கு வந்து, எங்கள் அடுக்களையில் அம்மாவிடம் அழுதாள். "அது இல்லாட்டி கை ஓடாதுன்றாரு அண்ணி. ஆவணிக்கு வேற ஆளப் பாக்கறேன்னு குழுக்காரரு சொல்லிட்டாரு. இந்த ஆடியோட பாக்கறேன். விடலன்னா நான் இங்கியே வந்துடறேன்."

மாமா எதை விடவேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. விடாவிட்டால் அத்தை எங்களோடு வந்து தங்குவாள் என்பது மட்டும் தெளிவாக விளங்கியது. நாள்தோறும் வீட்டிலேயே பாட்டுக் கேட்கலாம். ஆகவே தெருமுனைப் பிள்ளையாரிடம், மாமா எதையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி மனமுருக வேண்டிக்கொண்டேன். பிள்ளையார் அந்த வேண்டுதலைப் பொருட்படுத்தாததற்கு இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

அந்த ஆடியில் திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரில் கூழ் ஊற்றும் திருவிழா. விழுப்புரத்தை அடுத்த காணை ஊரில் எங்கள் நிலத்தில் நடவு நடந்துகொண்டிருந்ததால் அப்பா வர இயலவில்லை. மாமாவின் வாசிப்பைப் பதிவு செய்து வருவதாக அவருக்கு வாக்களித்திருந்தேன். மாலையில் மேடை ஏறுமுன் அத்தை தன் கைப்பேசியை என்னிடம் கொடுத்துவைத்தாள். பொத்தான்கள் தேய்ந்த பழைய கைப்பேசி. ஒரு பாட்டுக்கு மேல் அதில் இடமில்லை. மேடையின் பின்புறம் மாமாவின் முதுகை ஒட்டி அமர்ந்து, டோலக்கின் அருகில் அதை வைத்து, ஓர் அம்மன் பாட்டை முழுவதுமாகப் பதிவு செய்தேன். ஒலிபெருக்கிகள் எல்லாம் ஊரை நோக்கி இருந்தன. ஊர் கேட்டது ஒரு பாட்டு. கைப்பேசி கேட்டது வேறொரு பாட்டு. பாட்டு முடிந்ததும் ஊரார் கைதட்டினார்கள். குழுவினர் ஒவ்வொருவராக மாமாவிடம் வந்து, "அண்ணே, இன்னிக்கு பின்னிட்டீங்க" என்றார்கள். ஒவ்வொரு கச்சேரியிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் காலையில் ஒலிப்பெட்டிகளை ஏற்றிச் செல்ல வந்த பாய், அத்தை வீட்டு முற்றத்தில் அமர்ந்து, அவள் வேகவைத்துத் தந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துக்கொண்டிருந்தார். மாமா அப்போதுதான் எழுந்து தேநீருடன் வந்து அமர்ந்தார். கண்களில் சிவப்பு இல்லை. நான் ஓடிச்சென்று பாட்டை ஒலிக்கவிட்டேன்.

மாமா முகம் மலர்ந்தார். அவருடைய விரல்கள் தாமாகவே முழங்காலின்மேல் தாளமிடத் தொடங்கின. சிறிது நேரம் கழிந்ததும் ஒரு விந்தையைக் கண்டேன். முழங்காலில் விரல்கள் முன்னே போயின. கைப்பேசியில் டோலக் பின்னே வந்தது. பாட்டு செல்லச் செல்ல இடைவெளி அகன்றது. விரல்கள் நின்றன.

"திரும்பப் போடு பாப்பா."

மீண்டும் ஒலிக்கவிட்டேன். அத்தை அடுக்களை வாயிலில் வந்து நின்றாள். இம்முறை மாமா தலையைச் சாய்த்து, கைப்பேசியை ஒட்டிக் காதை வைத்திருந்தார். சரணம் முடியும் இடத்தில், ஒலிவாங்கியை விலக்கிவிட்டு அத்தை பேசும் குரல் அதில் தாழ்வாகக் கேட்டது: "பாய், இன்னொரு தபா பல்லவிக்கே போறேன். அவரு வந்து சேரட்டும்."

"போம்மா போ. நான் இழுத்துப் புடிக்கிறேன்" என்றது பாயின் குரல்.

பிறகு அத்தை பல்லவியைத் திரும்பப் பாடினாள். பக்தி மிகுதியால் திரும்பப் பாடுகிறாள் என்றே அந்த ஊர் எண்ணியிருக்கும். கீபோர்டு நீண்டு நெளிந்து காத்திருந்தது. தாளம் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது.

ஒருவர் தவறினால் மற்றவர் அதை மூடிமறைப்பது மெல்லிசைக்காரர்களின் தொழில் அறம். வரி மறந்தால் கீபோர்டு நிரப்பும், தந்தி அறுந்தால் பாட்டு நீளும், சபைக்குத் தெரியலாகாது. அந்த அறத்தையே அவர்கள் மாமாவின் நோய்க்கும் கடைப்பிடித்திருந்தார்கள். சபைக்குத் தெரியாமல் மறைத்தவர்கள், மாமாவுக்கும் தெரியாமல் மறைத்துவிட்டார்கள். கஞ்சாதான் தம் கையை ஓடச் செய்கிறது என்று அவர் நம்பியதற்கு, அவரை நேசித்தவர்களின் திறமையே காரணமாயிற்று.

"எத்தினி நாளா?" என்று கேட்டார் மாமா.

பாய் மல்லாட்டைத் தோலைத் தட்டில் போட்டுவிட்டு, "அது டப்பா செல்லு மச்சான். அதுல எல்லாம் லேட்டாதான் கேக்கும். அதப் போய் நம்பிக்கினு..." என்றார். அத்தையும் விரைந்து, "ஆமாங்க, அது எப்பவுமே பேஜாருதான்" என்றாள். அந்த முற்றத்திலும் அவர்கள் பல்லவிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சினம் வந்துவிட்டது. நான் அரும்பாடுபட்டுச் செய்த பதிவு அது. "செல்லு ஒண்ணும் கெட்டுப் போகல. அத்த குரலு சரியாதான கேக்குது? பாய் வாசிக்கிறதும் சரியாதான கேக்குது?" என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அதன்பின் எவரும் எதையும் மூடவில்லை. மாமா நெடுநேரம் தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழுக்காரரு ஆவணிக்கு வேற ஆளப் பாக்கறாரு" என்றாள் அத்தை. மாமா அதற்குத் தலையை மட்டும் அசைத்தார். பிறகு, "முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு எத்தினி மணிக்கு பஸ்சு?" என்று கேட்டார். "நானும் வர்றேன் மச்சான்" என்றார் பாய்.

அன்றோடு மாமா கஞ்சாவைத் துறந்தார் என்று எழுதினால் அழகாக இருக்கும், உண்மையாக இராது. உறக்கம் வராமல் பல இரவுகள் தவித்தார். ஆவணியில் அவருடைய இடத்தில் வேறொருவர் வாசித்தார். ஒருமுறை மீண்டும் வழுக்கி விழுந்து மீண்டும் எழுந்தார். இம்முறை எவரும் மூடிப் பாடவில்லை. தாளம் தவறினால் அத்தை பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அதுவும் நேசம்தான் என்பதை அறிந்துகொள்ள அவர்களுக்கும் காலம் ஆயிற்று. தெளிந்தபின் அவர் முன்னினும் சிறப்பாக வாசித்தார் என்பதும் பொய். முன்பு வாசித்தவாறே, பாட்டோடு ஒட்டி வாசித்தார். என் திருமணத்தன்று அவர் வாசித்ததும் அந்த வாசிப்புதான். அதற்குமேல் நாங்கள் எதையும் கேட்டதில்லை. ஒரு சிறுமியின் கையிலிருந்த கைப்பேசியைப் பிடுங்கி எறியாமல், மறுமுறையும் கேட்கத் துணிந்த அவருடைய காதுகளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பதிவைக் கேட்ட அன்று நண்பகலில் என்னை விழுப்புரத்தில் விடுவதற்காக அத்தையும் உடன்வர, நால்வரும் ஒரே பேருந்தில் புறப்பட்டோம். முண்டியம்பாக்கத்தில் மாமாவும் பாயும் இறங்கிக்கொண்டார்கள். மாமா சன்னலருகே வந்து கம்பியைப் பற்றி நின்றார்.

"அந்தப் பாட்ட அழிச்சிடாத பாப்பா. ஊருக்குப் போனதும் அப்பாகிட்ட போட்டுக் காட்டு."

பேருந்து நகர்ந்தது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நெடுஞ்சாலைப் புழுதி கண்ணில் விழுந்திருக்கும் என்று எண்ணிச் சன்னலை இழுத்து மூடினேன். மாமாவுக்கு என் பதிவு அவ்வளவு பிடித்துப்போயிருந்ததில் எனக்கு அளவற்ற பெருமை. அடுத்த திருவிழாவில் இன்னும் நெருங்கி அமர்ந்து பதிவு செய்யவேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.