வெந்நீரில் இறங்கும் ரெக்கார்டு

டெல்லி ஜங்க்புராவில் நான் வந்த பஸ் பழுதாகி நிற்கிறது. நடைபாதையில் ஒரு தமிழ்ப் பெண் ஸ்டவ்வில் வெந்நீர் கொதிக்கவைத்து, பழைய கிராமபோன் ரெக்கார்டுகளை அதில் முக்கி எடுக்கிறார். இளகியதைக் கவிழ்த்த குண்டான்மேல் வைத்து ஓரங்களை அழுத்தினால் பழத்தட்டு ஆகிவிடுகிறது.

ஒன்றைக் கையில் எடுக்கிறேன். நடுவில் லேபிள் அழியவில்லை. அறுபதுகளில் எங்கள் சென்னை ஹாஸ்டலே ஆடித் தீர்த்த இங்கிலாந்துப் பையன்களின் ராக் அண்ட் ரோல். அவர்களைப் போல நெற்றி மறைய முடி வளர்த்ததற்கு அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

"பங்களா மேம்சாப் குடுத்தது சார். இப்பதான் எல்லார் வீட்லயும் டேப்பு வந்துடுச்சே."

அவருக்குப் பின்னால், விரித்த துணிமேல் ரெக்கார்டுகளின் இன்னொரு சிறிய அடுக்கு தனியாக இருக்கிறது.

"அதை மட்டும் ஏம்மா விட்டுட்டீங்க?"

"அது லோதி ரோடு மாமி குடுத்தது. அட்டையில முருகர் இருக்காரு பாருங்க. சாமி பாட்டைப் போயி வெந்நீர்ல போடலாமா? பாவமில்ல?"

அடுத்த ரெக்கார்டை எடுக்கிறார். அட்டையில் அதே பையன்கள். நான் பார்ப்பதைப் பார்த்து அவர் கை பானைக்கு மேலே நிற்கிறது.

"ஏன் சார், இதுவும் சாமி பாட்டா?"

வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் போட்டுக் கேட்கப் பிளேயர் இல்லை. அதை விற்றுத்தான் நானும் டேப் ரெக்கார்டர் வாங்கினேன்.

"இல்லம்மா" என்கிறேன்.

"அச்சா" என்று நிம்மதியாக அதை வெந்நீரில் இறக்குகிறார்.