தேனுகா ஆகாயத்தில் நின்ற நேரம்

ஒட்டுசுட்டான் பக்கத்து வயற்காரருக்கு வாய்த்ததுபோல உயரமான உதைபந்தாட்ட அரங்கு உலகத்தில் வேறு எவருக்கும் வாய்க்கவில்லை. கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். ஏறி நின்றால் முல்லைத்தீவுக் கடல் தெரியும். சரி, கடல் தெரியாது. கோபுரமும் கொஞ்சம் கூடிப்போன கதைதான். அது பாலை மரக் கவட்டில் யானைக் காவலுக்குக் கட்டிய பரண். ஏணிக்குப் பதினொரு படி. ஆனால் அந்தப் பதினொரு படியையும் மீனம்மா ஏறிய கதையில் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. அது தானாகவே பெரிய கதை.

மீனம்மாவின் தாய் தகப்பன் தேயிலை மலையிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது, களை பிடுங்கியது, நெல் விளைந்ததும் அருவி வெட்டியது எல்லாம் இந்த மண்ணில்தான். ஒரே மகள் தேனுகா, பள்ளிக்கூடத்துப் பெண்கள் அணியில் கோல் காத்தவள். முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் அவள் விளையாடிய நாட்களிலெல்லாம் மீனம்மா யாரோ ஒருவரின் வயலில் குனிந்து நின்றாள். மகள் கொண்டுவந்த கேடயங்களைத் துடைத்து அடுக்கியிருக்கிறாள்; விளையாடியதை ஒருநாளும் கண்டதில்லை. இப்போது இந்தியாவில் ஒரு கழகம் தேனுகாவைச் சம்பளத்துக்கு எடுத்திருந்தது. பந்து பிடிக்கச் சம்பளமா என்று மீனம்மா இரண்டு நாள் யாரையும் நம்பவில்லை.

தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் வட்ஸ்அப்பில் மகளின் குரல் வந்தது.

“அம்மா, மூத்த காப்பாளர் அக்காவுக்குத் தோள் விலகிட்டுது. நாளைக்கு மூண்டரைக்கு நான்தான் நிக்கிறன். கடைசி மச். அடுத்த வருசம் வச்சிருப்பினமோ தெரியாது. ஒருக்காப் பாருங்கோ அம்மா.”

மீனம்மா அதை நான்கு தரம் கேட்டாள். பிறகு ஊரைச் சுற்றத் தொடங்கினாள். அந்தப் பக்கம் கேபிள் கம்பி வந்ததில்லை. பக்கத்து வயற்காரர் சின்னராசா வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கமுகந்தடியில் அன்டனா இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் இரண்டு அலைவரிசை வந்தது, இரண்டிலும் கிரிக்கெட். கடைக்காரரின் கூரையில் டிஸ் இருந்தது. அதில் ஐரோப்பாவில் ஆண்கள் ஆடும் ஆட்டம் எல்லாம் வந்தது, தேனுகாவின் ஆட்டம் வரவில்லை.

கடைசியில் சின்னராசாவின் மருமகள் ரஜிதாதான் மீனம்மாவின் போனில் தேனுகா அனுப்பியிருந்த லிங்க்கைக் கண்டாள். முன்பள்ளி ஆசிரியை, போன் விஷயத்தில் கெட்டிக்காரி.

“அக்கா, யூடியூப்பில நேரடியாவே காட்டுறாங்கள். காசும் இல்லை, கேபிளும் வேண்டாம். சிக்னல்தான் வேணும்.”

“சிக்னலுக்கு எங்க போறது புள்ள?”

“பரணில ஏறு தங்கச்சி,” என்றார் சின்னராசா. “அங்க நாலு கோடு வரும். நான் காவலிருக்கேக்க கனடாத் தம்பியோட முகம் பாத்துக் கதைக்கிறனான்.”

“சேலையோட எப்பிடி அண்ணே மரத்தில ஏறுறது?”

“மாமா சாரத்தோட ஏறுறாரே,” என்றாள் ரஜிதா. “நாங்கள் கீழ நிண்டு கண்ணை மூடுறனாங்கள்.”

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மீனம்மா சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினாள். ஏழாவது படியில் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கீழே பார்க்கவில்லை. மேலே அவளும் சின்னராசாவும் ரஜிதாவும் நெருங்கி இருந்தார்கள். ரஜிதா போனைக் குறுக்குத் தடியில் துணிக்கிழிசலால் கட்டினாள்.

படம் வந்தது. பச்சை! கதிர் வருவதற்கு முன் வயலுக்குக் கூட அந்தப் பச்சை இல்லை. அதன் ஓரத்தில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே, செம்மஞ்சள் சட்டையும் பெரிய கையுறையுமாக ஒருத்தி. மீனம்மாவுக்கு முகம் தெரியுமுன் நிற்கிற விதம் தெரிந்தது. அப்போது யாரோ ஒரு வேற்று நாட்டுக்காரன் விளங்காத பாஷையில் மளமளவென்று பேசி, நடுவில் “தேனுகா” என்றான். தான் வைத்த பெயர். கடல் தாண்டி, காற்றில் ஏறி, பாலை மரத்துக்கு வந்து சேர்ந்த பெயர். மீனம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேனுகாவின் அணி ஒரு கோல் போட்டது. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் எதிரணிக்குத் தண்ட உதை கிடைத்தது.

“இது போனால் சமன்,” என்றார் சின்னராசா.

எதிரணிப் பெண் ஓடி வந்தாள். உதைத்தாள். தேனுகா பாய்ந்தாள். படம் நின்றது.

சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது. அதற்குப் பின்னால் தேனுகா நிலத்தில் படாமல் குறுக்காகக் கிடந்தாள். கை இரண்டும் நீண்டிருந்தன. பின்னல் தனியாக ஆகாயத்தில் நின்றது. ரஜிதா பதறிப்போய்ப் போனைத் தொடப் போனாள்.

“தொடாத புள்ள,” என்றாள் மீனம்மா. “அப்பிடியே இருக்கட்டும்.”

வயல் முழுக்கக் கதிர் உரசும் சத்தம். மீனம்மா கண் வெட்டவில்லை. தன் வயிற்றில் புரண்ட உடம்பா இது? குனிந்தே வாழ்ந்தவளுக்குப் பிறந்தது இப்படிப் பறக்குமா?

வட்டம் மறைந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது; தேனுகாவின் மேல் ஏழெட்டுப் பிள்ளைகள் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோல் கணக்கு மாறவில்லை. “பிடிச்சிட்டாள்!” என்று கத்திய சின்னராசா, பரணில் யானை விரட்ட வைத்திருந்த வெடியைக் கொளுத்தி, ஆளில்லாத வெட்டைப் பக்கம் எறிந்தார். காடு அதிர்ந்தது.

சுற்று வயல்களிலிருந்து சனம் தகரமும் தடியுமாக ஓடி வந்தது.

“எங்கை யானை?” என்று மூச்சிரைக்கக் கேட்டார் முன்னால் வந்த நடராசா.

“யானை இல்லை! மீனம்மான்ர பெட்டை பந்தைப் பிடிச்சிட்டாள்!”

“விசரா! நான் சோத்துக் கோப்பையை எறிஞ்சுபோட்டு ஓடியாறன்!” என்றார் நடராசா. ஆனால் போகவில்லை, எல்லாரும் மரத்தடியிலேயே நின்றார்கள்.

ஆட்டம் முடிந்து அரைமணிக்குள் தேனுகாவின் அழைப்பு வந்தது. ரஜிதா எல்லாருக்கும் கேட்கச் சத்தத்தைக் கூட்டினாள்.

“பாத்தனீங்களா அம்மா?”

“பாத்தேன் புள்ள. ஏழு நிமிசம் ஆகாயத்தில நின்ன. பறவைகூட அப்பிடி நிக்காது.”

“மோளே, பந்தைப் பிடிச்ச அந்தக் கையை ஒருக்காக் காட்டு!” என்று சின்னராசா இடையில் புகுந்தார்.

தேனுகா சிரித்தாள்.

“நான் எங்க மாமா பிடிச்சனான்? நான் பாய்ஞ்சது இடப்பக்கம். அந்தப் பிள்ளை வலப்பக்கத்தால கம்பத்துக்கு மேலால வெளிய அடிச்சிட்டுது.”