நான் சாகச் சொன்ன தங்கை

எழுபதுகளின் நடுவில், இந்தியச் சஞ்சிகைகள் வருவது குறைந்துபோன காலத்தில், யாழ்ப்பாணத்தில் பேனா பிடித்த வாத்திமாரெல்லாம் இளைஞருக்கு நாவல் எழுதத் தொடங்கினார்கள். கதைக்கு அவர்கள் கஷ்டப்படவில்லை. கூத்தில் வரும் ராசா ஒருவனை இழுத்து வந்தார்கள். இல்லாவிட்டால் பறங்கியிடம் தோற்ற ராசா. ஒரு நாவலில் தளபதி ஆறு பக்கம் செத்தான். செத்துக்கொண்டே, பிள்ளைகள் கவனமாகப் படிக்கவேண்டும் என்றான்.

ஞாயிறு பத்திரிகையில் இவற்றுக்கெல்லாம் மதிப்புரை எழுதியவன் நான். இணுவிலிலிருந்து பட்டணம் போகும் பஸ்ஸில் வாசிப்பேன். பத்திரிகைக் கந்தோரில் இருந்து எழுதிக் கொடுப்பேன். நாலு புத்தகம் குப்பை என்றால் ஐந்தாவதையும் குப்பை என்ற எண்ணத்தோடுதான் திறப்பேன்.

அப்படித் திறந்த ஒன்று, நீர்வேலிப் பெண் ஒருத்தி எழுதியது. வட்டுக்கோட்டைப் பக்கம் படிப்பித்த இளம் ஆசிரியை. எங்களுக்குப் பழகிய கூத்துக்கதைதான். மந்திரி சொன்ன கோளை நம்பி ராசா சொந்த மகனையே வெட்டுவிக்கிறான். தங்கை பிணத்தின்மேல் விழுந்து அழுது உயிர்விடுகிறாள். இந்தப் பிள்ளையின் நாவலில் தங்கை சாகவில்லை. தமையனின் செருப்பைப் போட்டுக்கொண்டு கோட்டையை விட்டு நடக்கிறாள். செருப்பு அவளுக்குப் பெரிது. கழன்று கழன்று விழுகிறது.

"தமையன் வெட்டுண்டு கிடக்க இவள் செருப்புத் தேடுகிறாள்" என்று எழுதினேன். தங்கையைச் சாகவிடத் துணிவில்லாதவர் இந்தக் கதையைத் தொட்டிருக்கக்கூடாது என்றும் எழுதினேன். கந்தோரில் வாசித்துச் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நாலைந்து மாதம் கழித்து, சவரம் செய்யாத முகத்தோடு ஒருவர் என் வீட்டு வாசல் படலையில் நின்றார்.

"மாஸ்ரர், என்ரை பிள்ளையின்ரை புத்தகத்தைப் பேப்பரிலை கிழிச்சது நீங்கள்தானே?"

"ஓம், நான்தான். அதுக்கு இப்ப என்ன?"

"சண்டைக்கு வரேல்லை. நீங்கள் எழுதினது சரியெண்டு அவளே சொன்னவள். தாய்தான் உங்களை நல்லாத் திட்டினது."

பிறகுதான் சொன்னார். பிள்ளை நெருப்புக்காய்ச்சலில் போய்ப் பதினொரு நாள்.

எங்கள் பக்கத்தில் செத்தவர்மேல் பாட்டெழுதி அச்சடித்து, முப்பத்தோராம் நாள் சாப்பிட வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். அது வேண்டாம், அவளுடைய நாவலையே திரும்ப அடித்துக் கொடுப்போம் என்பது தகப்பனின் எண்ணம். ஆனால் அவள் முடிவை மாற்றி ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள்.

"நான் தோட்டக்காரன், எனக்கு வாழையைத்தான் தெரியும். எது நல்லதெண்டு நீங்கள் சொல்லுங்கோ."

அவர் கொண்டுவந்த கொப்பியை அவர் முன்னாலேயே வாசித்தேன். கொப்பியில் தங்கை செத்தாள். மூன்று பக்கம் அழுது செத்தாள். என் மதிப்புரையின் வசனங்கள் அப்படியே கிடந்தன. செருப்பு இல்லை. பிறகு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். பஸ்ஸில் நான் அதை ஒழுங்காக வாசிக்கவேயில்லை, மேலோட்டமாகத் தட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இத்தனை குப்பைக்கு நடுவில் உயிரோடு இருந்த ஒரே பக்கம் அதுதான்.

"முதல் அடிச்சதுதான் நல்லது, ஐயா."

"அப்ப ஏன் அப்பிடி எழுதினனீங்கள்?"

"பிழையா எழுதிப்போட்டன்."

அவர் புத்தகத்தையும் கொப்பியையும் என் கையிலிருந்து எடுத்தார். "காய்ச்சலோடை குந்தியிருந்து எழுதினவள் மாஸ்ரர். படு பிள்ளை எண்டால் கேக்கேல்லை. இந்தக் கொப்பியைத் தூக்கி எறியச் சொல்லுறியளோ?"

அவர் போய்விட்டார்.

பிழையை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். "விமர்சனத்துக்கும் விமர்சனமோ? உம்மடை பாவத்தைக் கோயிலிலை போய்ச் சொல்லும்" என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பித் தந்தார். வேறு பத்திரிகைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

முப்பத்தோராம் நாள் போனேன். தாய் என்னைப் பார்க்கவில்லை. கொப்பி முடிவோடுதான் அச்சாகியிருந்தது. முன்னுரை அவளே எழுதி வைத்தது: என் பிழையைக் காட்டித் தந்த விமர்சகருக்கு நன்றி. பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "கடைசியிலை அழுதுபோனன், என்ன மாதிரி எழுதியிருக்கிறாள்" என்றார். நான் ஓம் என்றேன்.

பள்ளிக்கூடங்களில் இன்று இருப்பது அந்தப் பதிப்புத்தான். முதல் பதிப்பை எங்கும் காணேன். எனக்கு வந்த பிரதியை, மதிப்புரை எழுதிய கையோடு, கந்தோர் மேசையில் எறிந்துவிட்டு வந்தவன் நான்.