கிரேன்காரர் கரை இறங்கிய நாள்

கிரேன்காரர் தன் சொந்த ஊருக்கே சுற்றுலா வந்தது மனைவியின் ஏற்பாடு. பக்கத்துத் துறைமுகத்தில் ஏறி, நாலு ஊர் பார்த்துவிட்டு ஏறின இடத்திலேயே இறக்கிவிடும் உல்லாசக் கப்பல் அது. நடுவில் ஒரு பகல் நிற்கிற இடம் இவர்களுடைய ஊர். காசைக் கொட்டிக் கடலைச் சுற்றித் தன் வீட்டு வாசலுக்கே வந்து சேர்வதில் என்ன அர்த்தம் என்று அவர் கேட்டிருந்தார். மனைவி டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வாயைத் திறக்காமல் ஜெயிப்பது அந்த அம்மாளின் வழக்கம்.

கப்பல் கரையணைந்தபோது இருவரும் மேல்தளத்தில் நின்றார்கள். கலங்கரை விளக்கம், பழைய சுங்க அலுவலகத்தின் ஓட்டுக்கூரை, அதற்குப் பின்னால் துணி காயும் மாடிகள். அந்த மாடிகளில் ஒன்று அவருடையது.

“பாரு, என் துண்டு இன்னும் கொடியிலேயே கெடக்கு. நான் வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன். நீ ஊரைச் சுத்திப் பாரு.”

“சுத்திக்காட்டறதுக்கும் சேர்த்துதான் பணம் கட்டியிருக்கு. பேசாம வாங்க.”

படி இறங்கியதும்தான் விஷயம் புரிந்தது. கீழே மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்து நின்ற வழிகாட்டி, அவருடைய தம்பி.

தம்பியும் ஒரு காலத்தில் துறைமுகத்தில்தான் இருந்தான். அண்ணன் மேலே கிரேன் கூண்டில். தம்பி கீழே, கைச்சைகை காட்டுகிறவன். கப்பலின் அடிவயிற்றில் என்ன இருக்கிறது என்பது கூண்டுக்குத் தெரியாது. கீழே இருப்பவன் கை உயர்ந்தால் தூக்க வேண்டும், மடங்கினால் நிறுத்த வேண்டும். அதில் எதிர்க்கேள்வி கிடையாது. புது இயந்திரங்கள் வந்ததும் கிரேனுக்குச் சாயம் பூசிக் காட்சிப்பொருளாக்கினார்கள். அண்ணன் ஓய்வு பெற்றார். தம்பி குடையைப் பிடித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், காய்கறிப் பையோடு போன கிரேன்காரர் கிரேனடியில் ஒரு சுற்றுலாக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். சர்க்கஸ் கம்பெனி யானையை இந்தக் கிரேன் அந்தரத்தில் தூக்கி இறக்கிய கதையைத் தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். “யானையா? குதிரைடா அது! ஏன்டா இப்படிப் புளுகுறே?” என்று இவர் சத்தமாகவே கேட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது. தம்பி அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. இவரும் போகவில்லை. உண்மையைச் சொன்னவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதற்குமேல் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அந்தச் சௌகரியத்தில்தான் இரண்டு வருஷம் ஓடியது. ஆனால் சாயங்கால வேளைகளில் படியில் காலடிச் சத்தம் கேட்டால் அவர் காதைத் தீட்டிக்கொள்வதை மனைவி பார்த்திருக்கிறாள்.

தம்பி ஒவ்வொருவர் சட்டையிலும் எண் ஒட்டிக்கொண்டே வந்தான்.

“அண்ணி, பதினாறு.” அடுத்து நிமிர்ந்து பார்க்காமலே, “சார், பதினேழு. கூட்டத்தோடயே வாங்க.”

அந்த ‘சார்’ முகத்தில் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது.

“இவன்தான்னு தெரிஞ்சேதானே பணம் கட்டினே?” என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

“வேற யாரு இந்த ஊர்ல சுத்திக்காட்டறாங்க?”

கடைத்தெரு, கோட்டைச் சுவர், கிடங்குச் சந்து. பிறந்ததிலிருந்து நடந்த தெருக்களில் அவர் எண் ஒட்டிக்கொண்டு நடந்தார். இஸ்திரிக் கடைக்காரர் எட்டிப்பார்த்து, “என்ன கிரேன்காரரே, ஊருக்குப் புதுசா?” என்றார். தம்பி ஒவ்வொரு இடத்திலும் நிழல் பார்த்து நிறுத்தினான். மெதுவாக நடப்பவர்களை முன்னால் விட்டான். அதை மட்டும் குறை சொல்ல முடியவில்லை.

கடைசியில் கிரேன். தம்பி ஒரு கணம் பதினேழைப் பார்த்தான். சொல்லாமல் தாண்டிவிடுவான் என்று கிரேன்காரர் நினைத்தார். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு யானைக் கதையை முழுசாகச் சொன்னான். துதிக்கை ஆடியதைக்கூட விடவில்லை.

பெரிய தொப்பி வைத்த ஒரு அம்மாள் இவர் பக்கம் திரும்பினார். “கடைக்காரர் உங்களைக் கிரேன்காரர்னு கூப்பிட்டாரே. நீங்கதான் ஓட்டினீங்களா? நிஜமாவே யானையா?”

எல்லோரும் திரும்பினார்கள். தம்பியின் குடை மெல்லத் தாழ்ந்தது. மனைவி கடலைப் பார்த்தாள்.

குதிரை என்று நாக்கு நுனிவரை வந்தது. வெள்ளைக் குதிரை, கண்ணைக் கட்டியிருந்தார்கள். அவருக்கு நன்றாகவே தெரியும். இன்னொரு முறை அதைச் சொன்னால் குதிரைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

“ஓட்டினது நான்தாம்மா,” என்றார். “ஆனா கூண்டுல இருக்கிறவன் சரக்கைப் பத்திப் பேசக்கூடாது. கீழ கை காட்டறவன் சொல்றதுதான் கணக்கு. அன்னிக்கு மட்டுமில்ல, என்னிக்கும் எனக்குக் கை காட்டினவர் இவர்தான். இவர்கிட்டயே கேளுங்க.”

தொப்பி அம்மாளுக்கு அது போதவில்லை. தம்பியைப் பார்த்தார். தம்பி எங்கோ பார்த்துக்கொண்டு, “வெயில் ஏறுது, கப்பலுக்குப் போலாமா?” என்றான்.

கூட்டம் நகர்ந்தது. கடைசியில் நடந்த அண்ணனோடு தம்பி வந்து சேர்ந்துகொண்டான்.

“குதிரைதான்,” என்றான் தாழ்ந்த குரலில்.

“தெரியும்.”

“குதிரைன்னா யாரும் படம் எடுக்க மாட்டேங்கிறாங்க.”

“சரி, விடு.”

“கப்பல்ல சாப்பாடெல்லாம் எப்படிண்ணே?”

“உப்பே இல்லடா,” என்றார் கிரேன்காரர். முன்னால் போன மனைவி நடையைக் குறைக்கவில்லை; அவர்கள் பேசி வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் எட்டி நடந்தாள்.