தண்ணீர் மந்திரி

ஒரு நாட்டுக்குப் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. அதை எப்படிச் செய்வது என்று பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் தொழிலிலேயே ஆபத்தான வேலை. என்னோடு சாக்பீஸ் தூசியை விழுங்கிய சக ஆசிரியர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்கள் அந்தப் பாடத்தை இன்னும் ஒழுங்காக நடத்தவில்லை என்று அர்த்தம்.

நான் எட்டாவதும் ஆசிரியர் பயிற்சியும் முடித்தவன். மீதிப் படிப்பு முழுவதும் பொதுக்கூட்ட வாசலில் பத்துப் பைசாவுக்கு விற்கும் சிறு பிரசுரங்களில். அதில் எனக்கு வெட்கமில்லை. பி.ஏ. படித்தவர்கள் மனு எழுத என்னைத்தான் தேடி வந்தார்கள். எழுபதுகளின் கடைசியில், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் முன்வரிசையில் நின்று சிறைக்குப் போய் வந்ததற்குக் கிடைத்த பரிசாக, கோச்சடையிலிருந்து என்னைத் தூக்கி சோழவந்தானுக்கு அப்பால் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே ஒரு ஒன்றியப் பள்ளியில் போட்டார்கள். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து நாற்பது பிள்ளைகள் என் பொறுப்பு. அதில் பதினொரு பேர் ஊருக்கு வெளியே இருந்த காலனியிலிருந்து வந்தவர்கள்.

பழக்கப்படி இலாகா

நம் பள்ளிகளில் மந்திரிசபை என்று ஒன்று இருக்கும், உங்களுக்கே தெரியும். மணியடிக்க ஒரு மந்திரி, சாக்பீஸுக்கு ஒரு மந்திரி, தண்ணீருக்கு ஒன்று, கூட்டிப் பெருக்க 'சுகாதார மந்திரி' என்று ஒன்று. அந்தப் பள்ளியின் வராந்தா மூலையில் ஒரு மண்பானை இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் டம்ளரில் மொண்டு குடிப்பார்கள். காலனிப் பிள்ளைகள் பானையைத் தொடக் கூடாது. தண்ணீர் மந்திரி உயரத்திலிருந்து ஊற்ற, குனிந்து கையேந்திக் குடிக்க வேண்டும். தண்ணீர் மந்திரி முத்துராசு, பெரிய கொடிக்கால்காரர் மகன். சுகாதார மந்திரி பாண்டியம்மாள், காலனிப் பெண். அவளுக்கு முன்னால் அந்த விளக்குமாற்றைப் பிடித்தவர்களும் காலனிப் பிள்ளைகள்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நேராகத் தலைமையாசிரியரிடம் போய், இந்த மந்திரிகளை யார் தேர்ந்தெடுத்தது, எந்த முறையில் தேர்ந்தெடுத்தது என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. பிள்ளைகளை அடிக்க மாட்டார், சம்பள நாளில் எல்லோருக்கும் காப்பி வாங்கித் தருவார். வருகைப் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "இதுக்கெல்லாமா எலெக்‌ஷன் வைப்பாங்க சார்? யாரு வீட்ல எது பழக்கமோ அதைக் குடுத்திருக்கேன்."

பேர் இல்லாத சீட்டு

சமூக அறிவியலில் நம் பிரதமர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்று ஒன்றரைப் பக்கப் பாடம். கரும்பலகையில் படம் போட்டேன். நாம் பிரதமருக்கு நேராக ஓட்டுப் போடுவதில்லை. நம் தொகுதிக்கு ஓர் உறுப்பினரை அனுப்புகிறோம். அப்படி எல்லாத் தொகுதியிலிருந்தும் போனவர்களில் பாதிக்கு மேல் யாரை ஆதரிக்கிறார்களோ அவர் பிரதமர். முத்துராசு எழுந்து, "அப்ப எங்கப்பா போட்ட சீட்டுல பிரதமரு பேரே இல்லையா சார்?" என்றான். இல்லை என்றதும் வகுப்பே ஏமாற்றப்பட்ட மாதிரி முணுமுணுத்தது. எனக்கும் அந்த வருத்தம் உண்டு என்பதால் அதட்டவில்லை.

அடுத்து, மந்திரிகளை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, பிரதமர்தான் ஆள் பார்த்து இலாகாவைப் பிரித்துக் கொடுக்கிறார் என்றேன். கடைசி வரிசையில் பாண்டியம்மாள் எழுந்தாள். இருபது வருடம் மேடை ஏறியவன் நான், அந்த மாதிரி ஒரு கேள்வியை எந்தக் கூட்டத்திலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. "அப்படின்னா தண்ணி யாருக்கு, விளக்குமாறு யாருக்குன்னு பிரதமரே மாத்திச் சொல்லலாமா சார்?"

பேசி முடித்த தேர்தல்

வகுப்பிலேயே தேர்தல் நடத்துவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆசிரியர் கையேட்டில் 'செயல் வழி கற்பிக்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி போதும் எனக்கு. தெருவுக்கு ஒரு தொகுதி, மொத்தம் ஐந்து தொகுதி என்று பிரித்தேன். சாக்பீஸ் பெட்டியில் துளை போட்டு ஓட்டுப் பெட்டி செய்தேன்.

அங்கேதான் சறுக்கினேன். மறுநாள் காலையில் யாரும் சீட்டை வாங்க வரவில்லை. தேர்தல் வந்தால் ஒவ்வொரு தெருவும் கோயில் முன்னால் கூடி, யாருக்கு என்று பேசி, மொத்த ஓட்டையும் ஒரே பக்கம் போடுவது அந்த ஊர் வழக்கம். அதை அப்படியே பிள்ளைகளும் செய்துவிட்டு வந்திருந்தார்கள். ஓட்டு என்பது ஒவ்வொருவரின் சொந்த உரிமை, அப்பனுக்கும் தெருவுக்கும் அதில் வேலையில்லை என்று அரை மணி நேரம் கத்தினேன். முத்துராசு மிகப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் மேல் இரக்கப்பட்டவன் போலச் சொன்னான்: "எங்க தெருவுல ராத்திரியே பேசி முடிச்சாச்சு சார். பெட்டி, சீட்டுன்னு உங்களுக்கு எதுக்கு இம்புட்டுச் செரமம்?"

வெற்றிலையும் ஆடும்

தெருக்களைக் கலைத்தேன். வருகைப் பதிவேட்டு எண்படி எட்டெட்டுப் பேராக ஐந்து தொகுதி. இப்போது ஒரே தொகுதியில் கொடிக்கால் வீடும் இருந்தது, காலனியும் இருந்தது. சீட்டு ரகசியம். முத்துராசு ஜெயித்தான். பாண்டியம்மாளும் ஜெயித்தாள். அவள் ஓட்டுக் கேட்ட காரணம் நியாயமானது: முத்துராசு தன் கூட்டாளிகளுக்கே முதலில் தண்ணீர் கொடுப்பதால், மற்றவர்களின் முறை வருவதற்குள் பானை காலியாகிவிடும். அவள் வந்தால் வரிசைப்படி தண்ணீர். மற்ற மூன்று உறுப்பினர்களும் ஊர்ப் பிள்ளைகள்.

ஐவரும் கூடிப் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் முத்துராசு வீட்டுக் கொடிக்காலிலிருந்து வெற்றிலை கொண்டுவந்து, மற்ற நான்கு பேருக்கும் ஆளுக்கொரு கவுளிக் கட்டு கொடுத்துவிட்டான். அங்கே வெற்றிலையைக் கைநீட்டி வாங்கினால் சம்மதம் சொன்னதாக அர்த்தம், அதற்கப்புறம் மாற முடியாது. பெரியவர்கள் தேர்தலில் இதைத்தான் வீடு வீடாகச் செய்துகொண்டிருந்தார்கள். இது லஞ்சம் என்று பிரம்பை மேஜையில் அடித்தேன். மூன்று பேர் அழாத குறையாக, வாங்கிவிட்டோமே சார், இனி என்ன செய்வது என்று நின்றார்கள். நீயும் வாங்கினாயா என்று பாண்டியம்மாளைக் கேட்டேன். "வாங்குனேன் சார். ஆட்டுக்குப் போட்டுட்டேன். தின்னது ஆடுதான், வேணும்னா அது போடட்டும் அவனுக்கு."

மூக்கில் ஏறாத தண்ணீர்

பாண்டியம்மாளுக்கு மூன்று, முத்துராசுவுக்கு இரண்டு. வெற்றிலை வாங்கிய மூவரில் இருவர் ஆட்டின் வழியைப் பின்பற்றிவிட்டார்கள்.

பிரதமர் தண்ணீர் இலாகாவைத் தானே வைத்துக்கொண்டாள். முத்துராசுவுக்குச் சுகாதாரம். அவன் தகராறு செய்வான் என்று நினைத்தேன். ஆனால் சுகாதார மந்திரி வராந்தாவைப் பெருக்க மணிக்குப் பத்து நிமிடம் முன்பே வகுப்பை விட்டு வெளியே போகலாம். அவன் விளக்குமாற்றின் மேல் குதிரை ஏறிக்கொண்டு போனான். இடைவேளையில் பாண்டியம்மாள் பானைக்குப் பக்கத்தில் டம்ளரோடு நின்றாள். ஊர்ப் பிள்ளைகள் ஒரு கணம் தயங்கினார்கள். பங்குனி வெயில், கிளித்தட்டு ஆடிவிட்டு வந்த தாகம். முதல் பையன் வாங்கிக் குடித்தான், அவனுக்குப் பின்னால் வரிசை நகர்ந்தது. இரண்டு பேர் மட்டும் குடிக்காமல் வீட்டுக்கு ஓடினார்கள். காலனிப் பிள்ளைகள் பதினொரு பேரும் அதே டம்ளரில் குடித்தார்கள். அதில் நாலாம் வகுப்புக் குட்டி ஒருத்தி வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்து சொன்னாள்: "சார், டம்ளர்ல குடிச்சா மூக்குல ஏறலை சார்!"

கொடிக்கால்காரர் வருகை

நான்காம் நாள் முத்துராசுவின் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. சத்தம் போடுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும், போலீஸையே சமாளித்தவன். இவர் சத்தமே போடவில்லை. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மகன் கூட்டுகிறானாமே என்று மட்டும் கேட்டார். எல்லோர் மகனும் கூட்டலாம், தேர்தல் முறைப்படிதான் நடந்தது, பாடத்தில் உள்ளபடிதான் நடந்தது என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"தேர்தலை நான் குறை சொல்லலை வாத்தியாரே. சனங்க யாருக்கு வேணும்னாலும் ஓட்டுப் போடட்டும். செயிச்சு வந்தவுக என்ன செய்யணுங்கிறதை நாங்கதானே சொல்லணும்?"

கையேட்டில் ஒரு வரி

அந்த வாரமே பள்ளிகளின் டெபுடி இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். வருடக்கணக்கில் அந்தப் பள்ளியின் கூரை ஒழுகுவதைப் பார்க்க வராதவர், ஒரு விளக்குமாறு கை மாறியதைப் பார்க்க வந்துவிட்டார். நான் கையேட்டை நீட்டி, 'செயல் வழி' என்ற வரியின் கீழ் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். வரி உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு மனம் நொந்தவர் போல என்னைப் பார்த்தார். "நடிச்சுக் காட்டுங்கன்னுதான்யா போட்டிருக்கு. நீங்க நெசமாவே நடத்திப்புட்டீங்களே!"

மூன்றாவது கை

திங்கட்கிழமை முதல் பழைய பட்டியல் என்று உத்தரவு. தலைமையாசிரியர் விளக்குமாற்றைப் பாண்டியம்மாளிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் ராஜினாமா பண்ணலை சார். எடுக்கணும்னா அஞ்சு பேரையும் கூப்பிட்டு ஓட்டு எடுங்க" என்றாள். தலைமையாசிரியர் சிரித்துவிட்டு, அதற்கென்ன, எடுத்தால் போகிறது என்றார். முடிவில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கொடிக்கால்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இந்த முறை ரகசியச் சீட்டு கிடையாது, பாண்டியம்மாள் வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்க வேண்டும்.

வாசலைப் பார்த்துக்கொண்டே இரண்டு கைகள் எழுந்தன. மூன்றாவது கைக்காக எல்லோரும் முத்துராசுவைப் பார்த்தோம். அவன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். "தூக்குடா!" என்று அவன் அப்பா முதல் முறையாகச் சத்தம் போட்டார். பையன் அழுகையோடு கத்தினான்: "பிரதமரு போனா மந்திரிக அம்புட்டுப் பேரும் போகணும்ப்பா! சார் சொல்லியிருக்காரு! அப்புறம் நான் எப்படி மணிக்கு முன்னாடி வெளிய போறது?"

பானை இருந்த இடம்

பாண்டியம்மாளின் ஆட்சி ஓட்டெடுப்பில் தப்பித்தது. மறுநாள் காலையில் வராந்தா மூலையில் பானை இல்லை. பானை இருந்த இடத்தில் ஒரு ஈர வட்டம் மட்டும் இருந்தது. தலைமையாசிரியர் பானையைத் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, இனிமேல் எல்லோரும் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று பிரார்த்தனையில் அறிவித்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு வீடு எதிர்த் தெரு. காலனிப் பிள்ளைகளுக்கு வாய்க்காலைத் தாண்டி நடக்க வேண்டும். ஒரு பிள்ளையின் கை படக் கூடாது என்பதற்காக நாற்பது பிள்ளைகளின் தாகத்தைப் பூட்டி வைத்த அந்த அயோக்கியத்தனத்தை எதிர்த்து மனு எழுதினேன், ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்தேன், தனி ஆளாக வாசலில் உட்கார்ந்தேன். பதிலாக மாற்றல் உத்தரவு வந்தது. இந்த முறை கொட்டாம்பட்டிப் பக்கம். எத்தனையோ மாற்றலைச் சிரித்துக்கொண்டே வாங்கியவன் நான். அந்த ஒன்றை வாங்கும்போது மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை.

கிளம்புகிற அன்று பாண்டியம்மாள் நோட்டோடு வந்து நின்றாள். ஏதாவது எழுதிக் கேட்கப் போகிறாள் என்று பேனாவை எடுத்தேன். அவளுக்கு வேண்டியது வேறு. நான் நடத்திய பாடத்தில் ஏதோ ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன் என்று அவள் உறுதியாக நம்பினாள், அந்தப் பக்கத்தைச் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டாள். "என்னைய எடுக்க முடியலைன்னுதானே சார் பானையை எடுத்தாங்க? பானையை எடுக்க யாரு சார் ஓட்டுப் போட்டது?"

அதற்குப் பிறகும் பல ஊர்களில் இதே பாடத்தை நடத்தியிருக்கிறேன். நடத்திய இடத்திலெல்லாம் பிள்ளைகளுக்குத் தேர்ச்சி, எனக்கு மாற்றல்.