பீரோவுக்குள் பூட்டிய பிளீச்சிங் பவுடர்

எங்கள் தலைமை ஆசிரியரைப் பற்றி ஊரில் இன்றைக்கும் நல்லவிதமாகத்தான் பேசுகிறார்கள். அதட்ட மாட்டார், பிள்ளைகளை அடிக்க மாட்டார், சாயங்காலம் வரைக்கும் நெற்றியில் திருநீறு கலையாது. எல்லாம் உண்மைதான். ஆனாலும் அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலை கண்ணுக்கு நேரே எழுந்து நிற்கும் இடத்தில் இருந்தது அந்தத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் ஒரே ஓட்டுக் கட்டடம். ஆசிரியர்கள் அவரும் நானும் மட்டும். எனக்கு அதுதான் முதல் வேலை. திருநாவலூர் பக்கத்திலிருந்து வந்தவள் என்பதால் அந்த ஊரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவர் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். எங்களைத் தவிர சத்துணவு சமைக்கும் அக்கா ஒருத்தி. புருஷன் இல்லாதவள். குரல் மட்டும் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

அந்த மழைக்காலத்தில் சுற்று வட்டாரத்தில் காலரா பரவியது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. வாந்திபேதி என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். சுகாதார ஆய்வாளர் ஒருநாள் சைக்கிளில் வந்து, ஒரு டின் பிளீச்சிங் பவுடரும் ஒரு கட்டு உப்பு சர்க்கரைப் பொட்டலமும் கொடுத்தார். பள்ளிக்குத் தண்ணீர் எடுக்கும் கிணற்றுக்கு எவ்வளவு போட வேண்டும், எப்படிக் கரைக்க வேண்டும் என்று என்னிடமும் விளக்கிவிட்டுப் போனார். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டு வாங்கினார். மர பீரோவில் வைத்தார். பூட்டினார். சாவி அவருடைய அரைஞாணில் தொங்கியது.

மறுநாள் கேட்டேன். "சார், கிணத்துல போட்டுடலாமா?"

"அவசரப்படாதம்மா. அது பெரிய வூட்டுக்காரரு கேணி. நம்ம புள்ளைங்க தண்ணி எடுக்க அவரு வுட்டதே பெருசு. மருந்து போட்டா தண்ணி நாறுதுன்னு சண்டைக்கு வருவாங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கினு போடலாம்."

அந்த ஒரு வார்த்தையை அவர் கேட்கவே இல்லை. கிணற்றின் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க அந்தப் பள்ளத்தின் வழியாகக் கிணற்றுக்குள்தான் இறங்கும். அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் நான் பிள்ளைகளுக்குச் சுத்தம் சுகம் தரும் என்று எழுதிப் போட்டேன்.

அடுத்த வாரம் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது. தலைமை ஆசிரியர் வரவில்லை. அவரோடு சாவியும் கள்ளக்குறிச்சியிலேயே தங்கிவிட்டது.

பள்ளியை மூடியிருக்கலாம். ஆனால் மூடினால் மதியச் சோறு கிடையாது. காலனிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த ஒரு வேளைதான் சோறு. அதனால் மணியை நானே அடித்து, ஐந்து வகுப்பையும் நானே பார்த்தேன்.

இரண்டாம் நாள், இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெளியே போக வேண்டும் என்று நான்கு தடவை எழுந்து வந்தாள். காலனிப் பிள்ளை. எப்போதும் முன்வரிசையில் உட்காருவாள். சிலேட்டை எச்சில் தொட்டு அழிக்காதே என்று நான் சொன்னதிலிருந்து பாவாடையால் அழிப்பாள். நான்காம் தடவை எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"சும்மா சும்மா எழுந்து போனா எப்படி? உட்காரு."

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த இடமெல்லாம் நனைந்துபோனது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளைத் தூக்கிக்கொண்டு காலனிக்கு ஓடினேன். அவள் அம்மா நடவுக்குப் போயிருந்தாள். வீட்டில் சர்க்கரை இல்லை, பக்கத்து வீட்டிலும் இல்லை. கடைக்கு ஆளனுப்பி வாங்கி, உப்பும் சர்க்கரையும் கரைத்து வாயில் விட்டோம். விட்டது எல்லாம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் இல்லை. விடிவதற்குள் அந்தக் குழந்தை போய்விட்டது.

உட்காரு என்று நான் சொன்னது எனக்குள்ளேயே கிடக்கிறது. அதை எடுத்துப் போட ஓர் இடமும் இல்லை. ஆனால் உயிர் காக்கும் பொட்டலங்கள் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் பூட்டுக்குள் இருந்தன. அதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை.

காலையில் நேராகப் பள்ளிக்குப் போனேன். சமையல் அக்கா அடுப்பருகில் நின்றிருந்தாள். "அக்கா, குழவிக் கல்லை எடு" என்றேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை. என் கையில் கொடுக்கவும் இல்லை. தானே தூக்கி மூன்று போடு போட்டாள். பூட்டு தாழ்ப்பாளோடு பெயர்ந்து விழுந்தது.

வாளியில் பவுடரைக் கரைத்துக் கிணற்றில் ஊற்றிக்கொண்டிருந்தபோது பெரிய வீட்டுக்காரர் வந்தார். பின்னால் இரண்டு ஆள்கள்.

"யாரைக் கேட்டுக்கினு எங் கேணில மருந்து கொட்டுறீங்க?"

"ஒரு குழந்தை செத்துப்போச்சுங்க."

"கேள்விப்பட்டேன். அதான் சொல்ல வந்தேன். காலனிப் புள்ளைங்கள நிறுத்திடுங்க. அதுங்கதான் நோவக் கொண்டாந்துச்சிங்க. நம்ம புள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும்."

நான் பதில் தேடுவதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"இன்னா பேசுறீங்க நீங்க? திருவிழாக்குப் போய்ட்டு வந்து உங்க வூட்ல ஒருத்தரு நாலு நாளு படுத்துக் கெடந்தாங்களே, அது இன்னா நோவு? அந்தத் துணியெல்லாம் இந்தக் கேணிக் கல்லு மேலதானே தொவைச்சாங்க? எங் கண்ணால பாத்தேன்."

அவர் முகம் கறுத்தது. "வாயை மூடு" என்றார். மூடச் சொன்னாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

அந்த நிமிடம் வரைக்கும் நான் பயந்த பெண். அதற்கப்புறம் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. "இனிமே இந்தக் கிணத்துத் தண்ணியே எங்களுக்கு வேணாங்க" என்றேன். "காலனி அடிபம்புல இருந்து எடுத்துக்கறோம்."

ஊரில் அரசாங்கம் போட்ட அடிபம்பு ஒன்றே ஒன்றுதான். அது காலனியில் இருந்தது. ஆழத்திலிருந்து வரும் தண்ணீர், தெருச் சாக்கடை கலக்காத தண்ணீர். இருந்தும் ஊர்த்தெருக்காரர்கள் யாரும் அங்கே குடம் வைத்ததில்லை. நானும் அக்காவும் வைத்தோம். பெரிய பிள்ளைகள் தூக்கிவந்தார்கள். அண்டாவில் ஊற்றிக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, நீளக் காம்பு வைத்த அகப்பையால் மொண்டு கொடுத்தோம். யாரும் குடத்துக்குள் கைவிடக் கூடாது. சாப்பிடும் முன் ஒவ்வொரு பிள்ளையும் சாம்பல் தேய்த்துக் கை கழுவ வேண்டும். விறகுக்கு ரோட்டில் வெட்டிப் போட்டிருந்த புளியமரக் கிளைகள் இருந்தன.

கொரோனா காலத்தில் பள்ளி வாசல்களில் சோப்பும் தொட்டியும் வைத்துப் படம் எடுத்துப் போட்டார்கள். நல்ல காரியம்தான். பார்த்துவிட்டு டிவியை அணைத்துவிட்டேன். ஒரு துண்டு சோப்புக்கு வழியில்லாமல் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு வரிசையில் நின்ற கைகள்தான் எனக்குத் தெரிந்தன.

ஊர்த்தெருப் பிள்ளைகள் மறுநாளே நின்றுவிட்டார்கள். காலனித் தண்ணீரைக் குடித்தால் தீட்டாம். வாந்திபேதிக்குத் தீட்டு கிடையாதுபோல. அந்த வாரத்தில் அவர்களில் சிலரும் படுத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அப்பா தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலைத் தாண்டவில்லை.

"டீச்சர், அந்தப் பொட்டலம்..."

"தண்ணி காலனித் தண்ணி. பரவாயில்லையா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் அழுதுவிட்டார். பையனை வாங்கி மடியில் போட்டு, சாயங்காலம் வரை கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். பிழைத்துக்கொண்டான்.

அதற்கு மறுநாள் அக்கா படுத்தாள். வகுப்பில் வழிந்ததை எல்லாம் கழுவியவள் அவள்தான். பொட்டலமெல்லாம் தீர்ந்திருந்தது, குடித்தது எதுவும் அவளுக்கு நிற்கவும் இல்லை. மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய், விரல் நுனி சுருங்கிவிட்டது. கட்டை வண்டி ஒன்று கிடைத்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக அதில் அவளைப் படுக்கவைத்து நானும் ஏறினேன். முதல் மரத்திடம் வண்டி நின்றது. மறியலுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

"ஆஸ்பத்திரி கேஸா?"

"வாந்திபேதி" என்றேன்.

இரண்டடி பின்னால் போனார்கள். எல்லோரும் போனார்கள். அந்த இரண்டடியை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் நான் சொல்லத்தான் வேண்டும். தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர், "இன்னாடா பாத்துக்கினு நிக்கறீங்க? மாட்டை அவுருங்க" என்றார். மாட்டை அவிழ்த்தார்கள். அக்காவோடு சேர்த்து வண்டியை அப்படியே தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். மறுபடி மாட்டைப் பூட்டினார்கள். அவர்களில் இரண்டு பேர் கூடவே நடந்து வந்து, வழியில் கிடந்த மற்ற மரங்களிடமும் ஆள் கூப்பிட்டுத் தூக்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் வராந்தாவில் பாய் போட்டு பாட்டில் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "அண்டாவக் கழுவி வெச்சியா?" என்று என்னைத்தான் அதட்டினாள்.

சாலை திறந்தது. தலைமை ஆசிரியர் வந்தார். பீரோவைப் பார்த்தார்.

"என்னம்மா, பூட்டை ஒடைச்சிருக்கே?"

நடந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு வருகைப் பதிவேட்டை விரித்து, சிவப்பு மை பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"அந்தப் பொண்ணு பேரை அடிச்சிடும்மா. வீணா ஆப்சென்ட் ஏறிக்கினு இருக்குது."

"நீங்களே அடிங்க சார்."

அடித்தார். கோடு நேராக இருந்தது.

பெரிய வீட்டுக்காரர் புகார் எழுதினார். எனக்கு மெமோ வந்தது. அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியது ஏன், கிணற்று உரிமையாளரிடம் அனுமதி பெறாதது ஏன், ஊரில் பிரிவினை உண்டாகும்படி நடந்தது ஏன். பிள்ளை செத்தது ஏன் என்று எந்தக் காகிதமும் யாரையும் கேட்கவில்லை. நான் நான்கு பக்கம் பதில் எழுதினேன். அதை யாரும் படித்த அடையாளம் இல்லை. இரண்டு மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. கல்வராயன் மலைமேல், பஸ் போகாத ஓர் ஊர்.

உத்தரவைக் கொடுத்த குமாஸ்தா கெட்டவர் இல்லை. எனக்காக இரக்கப்பட்டார்.

"தப்பு பண்றவங்களத்தான் மலைக்குத் தூக்கிப் போடுவாங்க. ரெண்டு வருஷம் வாயத் தொறக்காம இருந்துட்டு வாங்க டீச்சர்."

"அங்க இருக்கற புள்ளைங்க இன்னா தப்பு பண்ணுச்சிங்க?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. பேனாவை நீட்டி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.