கூரையில் ஏற்றிய கல்

வேலை தேடிப் பல தோட்டங்களில் தங்கியவன் நான். போன வருடம் இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான சாந்தி அக்கா வீட்டில் இருந்தேன். அங்கே அடிக்கடி மினி சூறாவளி வீசும். தகரம் பறக்காதிருக்க, எல்லோரையும் போலக் கூரையில் பெரிய கற்களை ஏற்றினேன்.

“காத்து தூக்குனா நம்ம தலையிலதான் தம்பி விழும்,” என்றார் அக்கா.

“இதத் தூக்குற காத்து இன்னும் பொறக்கலக்கா.”

மூன்றாம் நாள் மத்தியானம் காற்று சுழன்றடித்தது. காய்ச்சலில் படுத்திருந்த அக்காவின் கணவர், படபடத்த கதவைப் பிடிக்க எழுந்தார். மறுநொடி தகரம் கிளம்பி, ஒரு கல் அவருடைய தலையணை மேல் விழுந்தது.

“காத்து பொறந்திருச்சு தம்பி,” என்றார் அவர்.

இப்போது எங்கே தங்கினாலும் முதலில் கூரைக் கற்களை இறக்குகிறேன். தகரத்தை மரச்சட்டத்தோடு கம்பியால் கட்டிய பிறகுதான் படுக்கிறேன்.